நகர்மன்றத்தில் நாற்பது ஆண்டுகள்: வெள்ளுடை வேந்தர் பிட்டி தியாகராயர்

சர் பிட்டி தியாகராயர் என்றவுடன் தமிழுலகம் நினைவுகூர்வன இரண்டு. நீதிக்கட்சியைத் தோற்றுவித்த மூவருள் அவர் ஒருவர் என்பது ஒன்று; தம்மைத் தேடிவந்த முதலமைச்சர் பதவியை ஏற்க மறுத்தவர் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அவர்தம் வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளுள் நிகழ்ந்தவை. அதற்கு முன்னும், அப்பத்தாண்டுகளில் பெரும்பகுதியிலும், அவர் இடைவிடாது அமர்ந்து பணியாற்றிய இடம் சென்னை மாநகராட்சி மன்றமே. 1882ஆம் ஆண்டு தம் முப்பதாம் வயதில் அம்மன்றத்துள் நுழைந்தவர், எழுபதாம் வயதை எட்டும் வரை அதன் உறுப்பினராக விளங்கினார். அரசியல் வரலாறு எழுதியோர் இந்த நாற்பதாண்டுகளை ஒரு வரியில் கடந்து விடுகின்றனர். ஆயினும் பின்னாளைய தியாகராயரை உருவாக்கிய பட்டறை அதுவே எனலாம்.

தியாகராயர் 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட, நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் மரபினர். பிட்டி என்பது குடும்பப் பெயர். மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டம் பெற்றோர் நாடிய வழிகள் இரண்டே: அரசு அலுவல், அல்லது வழக்குமன்றம். தியாகராயர் இரண்டையும் நாடாமல் குடும்பத் தொழிலையே மேற்கொண்டார். நெசவோடு தோல், உப்பு ஆகிய வணிகங்களிலும் ஈடுபட்டுப் பெருஞ்செல்வரானார். தறியின் அருமையும் இடர்ப்பாடும் அறிந்தவராதலின், விசைநாடாத் தறிகளைத் தம் நெசவுச் சாலையில் அமைத்துக் கைத்தறித் தொழிலைக் காலத்திற்கேற்பச் செப்பனிட முயன்றார். ஆலைத்துணி நெசவாளரின் வாயில் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. தென்னிந்திய வணிகர் சங்கம் 1909இல் தோன்றியபோது அதனை நிறுவியோருள் ஒருவராக இருந்த அவர், 1910 முதல் 1921 வரை அதன் தலைவராகவும் விளங்கினார். கணக்கும் வரவு செலவும் அவருக்குக் கைவந்த கலை. மாநகராட்சி மன்றத்திற்கு அவர் கொண்டுவந்த முதற்பொருள் இத்தொழிலறிவே.

அவர் நுழைந்த மன்றம் எத்தகையது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். சென்னை நகராண்மை 1688இல் தொடங்கிய பழமையுடையது. எனினும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் முறை 1878ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட நகரத்திற்கு முப்பத்திரண்டு உறுப்பினர். அவருள் பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். மறுபாதியை அரசு நியமித்தது. உறுப்பினருக்கு அன்று வழங்கிய பெயர் கமிஷனர் என்பது. இன்று அச்சொல் அதிகாரியைக் குறிக்கும். மன்றத்தின் தலைவரோ அரசு அமர்த்திய ஆங்கில அதிகாரி. கூட்டத்தை நடத்துபவரும் அவரே, ஆட்சியை நடத்துபவரும் அவரே. உறுப்பினர் வினவலாம், மறுக்கலாம், வாக்களிக்கலாம், ஆணையிட இயலாது. 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னையின் மக்கள்தொகை 4,05,848. இவர்களுள் வாக்குரிமை பெற்றோர் வரி செலுத்தும் சிறுபான்மையினரே. ஏழை, பெண், வீடற்றவர் யாரும் அப்பட்டியலில் இல்லை. தியாகராயரும் செல்வர் என்ற தகுதியாலேயே அம்மன்றத்திற்கு வந்தவர் என்பதை மறைப்பதற்கில்லை.

வந்தபின் அங்கே அவர் பேச வேண்டியிருந்தவை யாவை? குடிநீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, வீட்டுவரி, சந்தை, சுடுகாடு, தொடக்கப்பள்ளி. கவிஞர்கள் பாடுதற்குரிய பொருள்கள் இவை என்று யாரும் கருதுவதில்லை. ஆனால் மாந்தர் வாழ்வதும் மடிவதும் இவற்றைச் சார்ந்தே இருந்தன. செங்குன்றம் ஏரி நீர் 1872இல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. அந்நீர் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கம் வந்து, வடிகட்டப்படாமல் குழாய்களில் ஓடியது. வழியில் கலந்த மாசு அனைத்தும் குடிப்போரின் குவளை வரை வந்தது. கிணறுகளோ சாக்கடையோடு உறவாடின. காலரா ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. மூடிய கால்வாயும் மணல் வடிப்புத் தொட்டிகளும் அமைந்து, கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டபோது தியாகராயர் மன்றத்துள் நுழைந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தன. இதற்கு முந்தைய ஆண்டு, 1913 நவம்பர் 26இல், ஏழரை இலட்சம் ரூபாய்ச் செலவில் எழுந்த ரிப்பன் கட்டடம் திறக்கப்பட்டு, எர்ரபாலு செட்டித் தெருவிலிருந்த மாநகராட்சி அலுவலகம் அங்கே குடிபுகுந்தது.

இப்பணிகள் எதனையும் தனியொருவரின் சாதனையாகக் கூறுதல் பொருந்தாது. பொறியாளர், அதிகாரி, உறுப்பினர், வரி செலுத்திய மக்கள் எனப் பலர் கை பட்டது நகரம். ஒரு நகர்மன்ற உறுப்பினரின் உழைப்பு எப்பொழுதும் இவ்வாறு பெயரற்றுக் கரைந்து போவது. ஆளுநர் பெயர் கல்லில் இருக்கும். வரவு செலவுத் திட்டத்தை வரிவரியாகப் படித்து, இந்தத் தெருவிற்கு ஏன் குழாய் வரவில்லை என்று கேட்டவர் பெயர் நிகழ்ச்சிக் குறிப்பேட்டின் நடுவில் எங்கோ கிடக்கும். தலைவர்கள் மாறினர்; ஓரிரு ஆண்டுகள் இருந்து அடுத்த பணிக்கு மாற்றலாகிச் சென்றனர். சட்டங்களும் மாறின. 1904ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினர் தொகையை முப்பத்தாறாக உயர்த்தி, வெள்ளையரின் வணிகச் சங்கங்களுக்கும் தனியிடங்கள் வழங்கியது. மாறாமல் இருந்தவருள் ஒருவர் தியாகராயர். நகரைப் பற்றிய நினைவை ஒரு தலைமுறைக்கு மேல் சுமந்தவராதலின், அதிகாரிகளும் அவரைக் கலந்தே செயற்பட வேண்டியவராயினர்.

அவர்தம் தோற்றமும் நகரத்தார்க்கு நன்கு அறிமுகமானது. தூய வெண்ணிற உடையன்றி வேறு அணிந்தறியார். வெள்ளுடை வேந்தர் என்னும் பெயர் இதனாலேயே அமைந்தது. 1922 சனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னை வந்தபோது, மாநகராட்சித் தலைவர் என்ற முறையில் அரச வரவேற்பிற்குரிய உடையை அணிய அவர் இசையவில்லை என்றும், வழக்கமான வெள்ளுடையிலேயே வர அவருக்கு இசைவு அளிக்கப்பட்டது என்றும் கூறுவர். ஒத்துழையாமை இயக்கத்தார் அவ்வருகையைப் புறக்கணித்த நாள் அது. அரசரின் மகனை வரவேற்றவர் தம் உடையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை என்னும் இம்முரண் தியாகராயரின் அரசியல் முழுவதற்கும் பொருந்தும்.

மன்றத்தில் அவருக்கு வாய்த்த வலிமையான எதிரி டாக்டர் டி. எம். நாயர். தியாகராயரினும் பதினாறு ஆண்டு இளையவர், அயல்நாட்டில் மருத்துவம் பயின்றவர், கூரிய நாவினர். 1904 முதல் திருவல்லிக்கேணிப் பகுதியின் உறுப்பினர். ஒருவர் வணிகர், வைதிகப் பற்றுடையவர், நிதானம் மிக்கவர்; மற்றவர் மருத்துவர், பழமையைப் பொருட்படுத்தாதவர், சினம் மிக்கவர். இருவரும் ஓர் அவையில் அமர்ந்தால் பொறி பறத்தல் இயல்பே. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் குளத்திற்கு மாநகராட்சி நீரைக் கட்டணமின்றி வழங்கும் செய்தியில் இருவர்க்கும் மூண்ட பூசல் பெரிதாகி, நாயர் மாநகராட்சியை விட்டு விலகுதற்குக் காரணமாயிற்று என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். ஒரு குளத்து நீர்! மன்றத்திற்கு வெளியே நிற்பவர்க்கு இது சிறுபொருளாகத் தோன்றலாம். குடிநீருக்குக் குழாயடியில் காத்துக் கிடக்கும் நகரத்தில், இருக்கும் நீர் யாருக்கு, என்ன விலைக்கு என்பதைவிடப் பெரிய அரசியல் வினா வேறில்லை.

பகைவராயிருந்த இவ்விருவரையும் ஒன்றுசேர்த்த பெருமை டாக்டர் சி. நடேச முதலியாரைச் சாரும். திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்னும் மாணவர் விடுதியை 1916இல் நடத்தத் தொடங்கிய அவர், பார்ப்பனரல்லாதார் முன்னேற்றத்திற்கு இவ்விருவரும் இணைந்தாலன்றி வழியில்லை என உணர்ந்து இருபுறமும் நடந்தார். 1916 நவம்பர் 20இல் வேப்பேரியில் வழக்கறிஞர் எத்திராசலு முதலியார் இல்லத்தில் முப்பதின்மர் அளவில் கூடிய கூட்டத்தில் தென்னிந்திய மக்கள் சங்கம் பிறந்தது. அடுத்த மாதம் தியாகராயர் கையொப்பத்துடன் பார்ப்பனரல்லாதார் கொள்கை அறிக்கை வெளிவந்தது. அரசுப் பணிகளிலும் கல்வியிலும் யார் யாருக்கு எத்தனை இடம் என்பதை எண்களால் காட்டிய அவ்வறிக்கையைப் படிப்போர், வரவு செலவுக் கணக்கில் முப்பதாண்டு தோய்ந்த ஒருவரின் கையை அதில் காண்பர். உணர்ச்சி முழக்கத்தைவிடக் கணக்கே அதன் படைக்கலம். 1917 பிப்ரவரி 26இல் நாயரை ஆசிரியராகக் கொண்டு ஜஸ்டிஸ் ஆங்கில நாளேடு தொடங்கியது. தமிழில் திராவிடன், தெலுங்கில் ஆந்திரப் பிரகாசிகை. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்பது கட்சியின் பெயராயினும், ஏட்டின் பெயரே நீதிக்கட்சி என மக்கள் நாவில் நிலைத்தது.

1916 வரை காங்கிரசில் இருந்தவர், சென்னை மகாசன சபையின் தொடக்ககால உறுப்பினருள் ஒருவர், எதனால் இவ்வாறு திரும்பினார்? ஒரு கோயில் குடமுழுக்கிற்குப் பெரும்பொருள் வழங்கியும் மேடையில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது என்னும் செய்தி பலராலும் கூறப்படுகிறது. அவமதிப்பு உண்மையாயின் அது புண்படுத்தியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு நாளின் புண்ணால் மட்டும் அறுபத்து நான்கு வயதில் ஒருவர் கட்சி தொடங்குவதில்லை. நகரத்தில் வரி செலுத்துவோர் யார், அலுவலகங்களில் அமர்ந்திருப்போர் யார் என்பதை முப்பத்து நான்கு ஆண்டுகள் அருகிருந்து கண்டவர் அவர். அக்காட்சியே வலிமையான காரணமாக இருந்திருத்தல் கூடும்.

நாயர் 1919 சூலை 17இல் இலண்டனில் மறைந்தார். பழைய எதிரியும் புதிய தோழருமாகிய அவர் இல்லாத நிலையில் கட்சியின் முழுச்சுமையும் தியாகராயர் தோளில் விழுந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட மாநகராட்சிச் சட்டம் மன்றத்தின் அமைப்பை மாற்றியது. உறுப்பினர் தொகை ஐம்பதாயிற்று. ஆட்சி நடத்தும் ஆணையர் வேறு, மன்றத்தால் தேர்ந்தெடுக்கப்படும் தலைவர் வேறு எனப் பிரிந்தன. அதிகாரியல்லாத முதல் தலைவராகத் தியாகராயர் அமர்ந்தார். அவரை மேயர் என்று எழுதுவோர் உளர். மேயர் என்னும் பதவிப்பெயர் சென்னையில் 1933இல்தான் வழக்கிற்கு வந்தது.

1920 நவம்பரில் இரட்டையாட்சி முறையின்கீழ் நடந்த முதல் தேர்தலில், தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் நீதிக்கட்சி 63ஐப் பெற்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு, அமைச்சரவை அமைக்கத் தியாகராயரை அழைத்தார். அவர் மறுத்து, கடலூர் அ. சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சராக வழிவிட்டார். உடல்நலம் குன்றி அவர் 1921இல் விலகியபின் பனகல் அரசர் அப்பொறுப்பை ஏற்றார். இம்மறுப்பைத் துறவு என்று போற்றுவது மரபாகிவிட்டது. துறவு என்னும் சொல் இங்கு முழுமையாகப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை, கட்சித் தலைமையைக் கைவிடவில்லை, மாநகராட்சித் தலைமையையும் விடவில்லை. கோட்டையில் அமைச்சர் நாற்காலியினும், நாற்பதாண்டு உழைத்த அவையின் தலைமை இருக்கையே தமக்குரியது என அவர் கருதினார் எனக் கொள்ளுதல் அவர்தம் வாழ்க்கைப் போக்கிற்கு இசைவானது.

அவ்விருக்கையில் அமர்ந்து அவர் செய்தவற்றுள் தலையாயது பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளித்த செயல். ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகள் வருகை குறைவாயிருந்தது. வறிய பெற்றோரின் மக்கள். பசியோடு வந்து பசியோடு அமர்பவர்கள். மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மேற்படாமல் சிற்றுண்டி வழங்குவது என்று 1920 செப்டம்பர் 16இல் மன்றம் ஒப்புதல் அளித்தது. பயன்பெற்ற பிள்ளைகள் 165 பேர். கணக்கிட்டுப் பார்த்தால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய் ஐந்தணா. ஏழரை இலட்சத்தில் மாளிகை எழுப்பிய மாநகராட்சிக்கு இது பொருட்டன்று. ஆயினும் ஊராட்சி அமைப்பொன்று தன் பள்ளிப் பிள்ளையின் வயிற்றைத் தன் கடமையாக ஏற்றுக்கொண்ட செயல் இந்நாட்டிற்குப் புதிது. சோறு போடுதல் இங்கே அறமாக இருந்தது. சத்திரத்தின் வேலையாக, செல்வரின் புண்ணியமாக இருந்தது. தியாகராயர் மன்றம் அதனை வரவு செலவுத் திட்டத்தில் ஓர் இனமாக எழுதியது. கொடுப்பவர் முகம் பாராமல், வாங்குபவர் தலை குனியாமல் உண்ணும் முறை அங்கே தொடங்கிற்று.

திட்டம் பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அப்பள்ளிகளின் மாணவர் தொகை 1922-23இல் 811 ஆக இருந்து 1924-25இல் 1,671 ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டில் இரு மடங்கு. இதற்குமேல் சான்று தேவையில்லை. தேவைப்பட்டது பணம். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவிற்குச் செலவிட அரசு இசையவில்லை. ஆகவே 1925 ஏப்ரல் முதல் திட்டம் நிறுத்தப்பட்டது. அரசு என்று இங்கே சொல்லப்படுவது, அமைச்சரவையில் தியாகராயரின் கட்சியினரே அமர்ந்திருந்த அரசு என்பது கசப்பான செய்தி. இரட்டையாட்சியில் நிதித்துறை அமைச்சர் கையில் இல்லை என்பது உண்மைதான். அந்த உண்மை பிள்ளைகளின் தட்டில் விழவில்லை.

கட்சித் தலைவர் என்ற நிலையில் அவர்மீது வைக்கப்பட்ட குறைகளும் உள. முதல் அமைச்சரவையின் மூவரும் தெலுங்கு மொழியினர் என்று தமிழ் உறுப்பினர் வருந்தினர். 1923க்குப் பின் தி. நெ. சிவஞானம் பிள்ளை அமைச்சரான பின்னரே அவ்வருத்தம் சற்றுத் தணிந்தது. தலைமை ஒருவர் கையில் குவிந்துள்ளது என்ற குறையும் கட்சிக்குள் எழுந்தது. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் மூண்ட கலவரத்தின்போது, நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதித்திராவிடர் மக்களின்மீதும், அவர்கள்பால் பரிவு காட்டிய தொழிலாளர் துறையின்மீதும் பழி சுமத்தினர். நீதியின் பெயரால் தொடங்கிய இயக்கம் தன் நகரத்திலேயே மிகவும் நலிந்த மக்களை அன்று கைவிட்டது. எம். சி. இராசா 1923இல் தம்மவருடன் கட்சியிலிருந்து வெளியேறினார். தியாகராயரைப் போற்றும் மலர்கள் இப்பகுதியைத் தவிர்த்துவிடுவது வழக்கம். ஒரு தெருவின் பிள்ளைகளுக்கு உணவளித்த அதே தலைமை, மற்றொரு தெருவின் குடிசைகள் எரிந்த நாளில் அம்மக்களின் பக்கம் நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்தே அவரை எடைபோட வேண்டும்.

தியாகராயர் 1925ஆம் ஆண்டில், எழுபத்து மூன்று வயதில் மறைந்தார். பிள்ளைகளின் சிற்றுண்டி நின்றதும் அதே ஆண்டுதான். கட்சித் தலைமை பனகல் அரசரிடம் சென்றது. மாநகராட்சி மன்றத்திற்குப் புதியவர் பலர் வந்தனர், தோழர் ம. சிங்காரவேலரும் அவருள் ஒருவர். பள்ளி உணவை மீண்டும் தொடங்க வலியுறுத்தியவர்களுள் அவரையும் குறிப்பிடுவர். 1927இல் இருபத்தைந்து பள்ளிகளில் ஆயிரம் ஏழை மாணவர்க்கு உணவு மறுபடியும் வந்தது. 1956இல் காமராசர் ஆட்சியிலும், 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியிலும் அது மாநிலம் தழுவியதாக வளர்ந்தது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டபோது, நூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மாநகராட்சித் தீர்மானம் மீண்டும் நினைவுகூரப்பட்டது.

அவர்தம் இறுதி ஆண்டுகளில் மாம்பலத்தை அடுத்த நீண்ட ஏரி தூர்க்கப்பட்டு, அந்நிலத்தில் புதிய குடியிருப்பு ஒன்று எழலாயிற்று. அதற்குத் தியாகராய நகர் என்று பெயரிட்டனர். நடுவில் அமைந்த பூங்கா பனகல் அரசர் பெயரைப் பெற்றது. மற்றொரு பூங்கா, பகைவரை இணைத்த நடேசனார் பெயரை. உஸ்மான், ஜி. என். செட்டி, வெங்கடநாராயணா என மாநகராட்சியிலும் நீதிக்கட்சியிலும் அவரோடு பழகியவர்களின் பெயர்கள் சாலைகளாயின. பாண்டி பஜார் என்று எல்லாரும் அழைக்கும் கடைத்தெருவின் முறையான பெயர் சர் தியாகராயா சாலை. வடசென்னையில் அவர் பெயர் தாங்கிய கல்லூரியில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளின் பிள்ளைகள் பயில்கின்றனர். ரிப்பன் கட்டடத்தின் முகப்பில் வெள்ளுடையுடன் அவர் சிலை நிற்கிறது. வரி கட்டவும், பிறப்பு இறப்புச் சான்று பெறவும் வருவோர் அதனைக் கடந்தே உள்ளே செல்கின்றனர்.